உயரத்தைப் பார்த்து வண்டி வாங்கலாமா?

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, ஸ்வேத நதிக் கரையில் அமைந்த தம்மம்பட்டியிலும், அதை அடுத்த நாகியம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் முதலிய ஊர்களிலும், கார் வாங்க உத்தேசித்த குடும்பஸ்தர் ஒருவர் நாலு பேரிடம் யோசனை கேட்டால், நாலு பேரும் ஏகோபித்துச் சொல்லுகிற பதில் ஒன்றே: “நம்முளுது மலைப் பக்கமுங்க, ரோடும் ஒரே மாதிரி இருக்காதுங்க, உசரமா, கனமா ஒரு காம்பேக்ட் எஸ்.யு.வி. எடுத்துப் போடுங்க; அதுவும் டீசலாப் பாருங்க; பழசுன்னா சிங்கிள் ஓனர் வண்டியா இருந்தாப் போதும்.” நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிற யோசனைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் என்பது, குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பயிரிடுகிற ஒரு குடும்பம் பல வருஷ மகசூலில் மிச்சம் பிடித்த தொகையாக இருக்கக் கூடுமாதலால், அந்த யோசனையின் ஒவ்வோர் அம்சத்தையும் தனித்தனியே எடுத்துப் பரிசீலிப்பது அவசியமாகிறது. அப்படிப் பரிசீலித்தால் அதில் பெரும்பகுதி நிலைக்காது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த ஜாதி வண்டியின் பிறப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், அப்போதைய நிதி மந்திரி ப. சிதம்பரம், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், யந்திரத்தின் கொள்ளளவு பெட்ரோலுக்கு 1,200, டீசலுக்கு 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் உள்ள கார்களைச் ‘சிறு கார்’ என்று வகுத்து, அவற்றின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிக்கனமான சிறிய கார்களை ஊக்குவிக்க எழுந்த அந்த வரம்புக்குள், பெரிய வண்டியின் தோற்றத்தை அடக்கிவிட வேண்டும் என்று கம்பெனிகள் செய்த முயற்சியின் பலனே இன்று நாம் காம்பேக்ட் எஸ்.யு.வி. என்று அழைக்கிற வாகனம். 2013-இல் செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். 2019-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவின் நீளம் 3,995. மலையையும் மேட்டையும் மனத்தில் கொண்டு வகுத்த அளவுகளல்ல இவை. வரிச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுத்தவை. அந்தச் சட்டத்தின் சாயல் இன்றும் மறையவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதத்திலும், அதே வரம்புக்குள் அடங்கும் கார்களுக்கு 18 சதவீதமும், 1,462 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரத்தை உடைய மாருதி பிரெஸ்ஸா போன்றவற்றுக்கு, நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தபோதிலும், 40 சதவீதமும் விதிக்கப்படுகின்றன.

இனி உயரம். உயரமான வண்டி என்றால் அதன் அஸ்திவாரமே வேறு என்றும், ஜீப்பைப் போல முரட்டுச் சட்டத்தின்மேல் நிற்பது என்றும் பலர் நினைக்கிறார்கள். எக்கோஸ்போர்ட் எழுந்தது ஃபியஸ்டா என்னும் சாதாரணக் காரின் அடித்தளத்தின்மீது. மாருதி ஃப்ராங்க்ஸ் எழுந்தது பலேனோ என்னும் சிறு காரின் அடித்தளத்தின்மீது. பலேனோவின் தரையிடைவெளி 170 மில்லிமீட்டர் என்றும், ஃப்ராங்க்ஸினுடையது 190 மில்லிமீட்டர் என்றும் கம்பெனியே சொல்லுகிறது. ஆக, கூடுதலாகப் பணம் கொடுத்து நாம் பெறுகிற உயர்வு இரண்டு விரற்கடைக்கும் குறைவு; அதுவும் ஆள் ஏறாத வெற்று வண்டியில் அளந்தது. ஐந்து பேரும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் ஏறி உட்கார்ந்த பிறகு, பின்பக்கத்துச் சுருள்வில்கள் தேய்ந்து தளர்ந்த பழைய எஸ்.யு.வி. ஒன்று, நல்ல வில்லோடு கூடிய சிறிய காரைவிடத் தாழ்ந்து நிற்பது அசாதாரணமல்ல. உயரத்தை அளக்க விரும்புகிறவர் பிரசுரத்தில் அளக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு போய், எல்லாரையும் வண்டியில் ஏற்றி, தம் தெருவில் உள்ள வேகத்தடையின்மேல் மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தால் போதும்.

உயரத்தினால் ஒரு நன்மையுமே இல்லை என்று சொல்லுவது அநியாயம். முழங்கால் வலியுள்ள முதியவர்கள் குனிந்து இறங்காமல், நாற்காலியில் அமர்வதுபோல அமரலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வண்டியை வாங்குகிறவரை நான் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இட வசதியும் உயரத்தோடு கூடவே வரும் என்பது சரியல்ல. தம்மம்பட்டிச் சிற்பி ஒருவர் வாகை மரத்தில் செதுக்கிய விநாயகரைத் துணி சுற்றிப் பின்பெட்டியில் ஏற்ற முற்பட்டால், நாலு மீட்டருக்குள் எல்லாவற்றையும் அடக்கியதன் நெருக்கடி அங்கேதான் புலப்படும். பிரெஸ்ஸாவின் பின்பெட்டி 328 லிட்டர். அதே கம்பெனியின் தாழ்ந்த காரான டிசையருக்கு 382 லிட்டர்.

மலை ஏறும் சக்தியைப் பற்றிய வாதம் இதைவிடப் பலவீனமானது. தம்மம்பட்டியார் கொல்லிமலைக்குப் போவது முள்ளுக்குறிச்சி வழியாக ஆனாலும், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆனாலும், இரண்டுமே தார் போட்ட பாதைகள். பஸ் போய்வருகிற பாதைகள். அங்கே வேண்டுவது தரையிடைவெளி அன்று, யந்திரத்தின் இழுவிசை. ஒரகடத்தில் தயாராகும் நிஸ்ஸான் மேக்னைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உடல், ஒரே உயரம்; ஆனால் ஒரு லிட்டர் சாதாரண யந்திரத்தின் இழுவிசை 96 நியூட்டன் மீட்டர், டர்போ யந்திரத்தினுடையது 160. சாலையில் எதிரே வரும்போது எது எதுவென்று பிரித்தறிய முடியாத இவ்விரண்டும், ஐந்து பேரோடும் ஓடுகிற ஏ.சி.யோடும் செங்குத்தான வளைவில் திரும்பி எழும்போது இரண்டு வேறு வண்டிகளாகிவிடுகின்றன. நான்கு சக்கரங்களும் இழுக்கும் என்கிற எண்ணமும் பலருக்கு உண்டு. நம் நாட்டில் விற்கும் இந்த ரகத்து வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கரத்தால் மட்டும் இழுக்கப்படுபவை.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பெரிய பரீட்சை. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கி, யந்திரத்தையே தடையாக உபயோகித்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவேண்டும் என்பது பஸ் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த பாடம். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் தட்டும் பட்டையும் பழுக்கக் காய்கின்றன. அந்த உஷ்ணம் பிரேக் ஆயிலை எட்டுகிறது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை வருஷக் கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதித்த கால் பலகையோடு போய் ஒட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அந்த ஆயிலை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்கிறவரை நம் பக்கத்தில் காண்பது அரிதாயிருக்கிறது. போதாக்குறைக்கு, உயரமான வண்டிக்குப் பார மையமும் உயர்ந்தே இருக்குமாதலால், வளைவில் சாயும் சுபாவம் தாழ்ந்த காரைவிட இதற்கே அதிகம். மலைக்காக வாங்குவதாயின், வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தி வண்டியை நேர்படுத்துகிற ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டுச் சாதனம், அதாவது இ.எஸ்.பி., இருக்கிறதா என்பதே முதற் கேள்வியாக வேண்டும்.

கனமே பாதுகாப்பு என்கிறார்கள். கதவைச் சாத்தும்போது எழுகிற ஓசையைக் கேட்டே வண்டியின் உறுதியைத் தீர்மானிக்கிறவர்கள் உண்டு. குளோபல் என்கேப் என்னும் ஸ்தாபனம், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை மோதவிட்டு நடத்திய சோதனைகளில், 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது உண்மை. அதுவரை எந்த இந்தியக் காரும் பெறாத கீர்த்தி அது. ஆனால் அந்தக் கீர்த்தி எஸ்.யு.வி. என்கிற ஜாதிக்கு உரியதன்று. 2020 ஜனவரியில் அதே ஐந்து நட்சத்திரத்தை டாடா அல்ட்ரோஸ் என்னும் தாழ்ந்த சிறு கார் பெற்றது. 2022-இல் சோதிக்கப்பட்ட ஹூண்டாய் க்ரெட்டாவோ, அளவில் பெரிய எஸ்.யு.வி.யாக இருந்தும், மூன்றே நட்சத்திரம் பெற்றது. உடற்கூட்டின் அமைப்பும், காற்றுப்பைகளும், பெல்ட்டுமே உயிரைக் காக்கின்றன. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதில் மற்றொரு எச்சரிக்கையும் இருக்கிறது: ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில்தான், அதற்கு முந்திய, விலை குறைந்த ரகங்களில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

டீசல் விஷயத்தில் நம் மக்கள் இன்னும் 2012-ஆம் வருஷத்திலேயே வாழ்கிறார்கள். அன்று சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையின்மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியது. சமீப வருஷங்களில் அந்த வித்தியாசம் பத்து ரூபாய்க்கும் குறைந்துவிட்டது. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கின்றன என்று வைத்துக்கொண்டு, பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92½ ரூபாய் என்று கணக்கிட்டால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஏறக்குறைய இரண்டு ரூபாய் பத்துக் காசு. டீசல் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலாகக் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற அறுபதினாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். வருஷத்துக்கு எண்ணாயிரம் ஓட்டுகிறவருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட காரியம்.

இதைவிட முக்கியமான சங்கதி வேறு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், டீசல் வண்டிகளின் புகைவழியில் கரித்தூளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்லுவது அதைத்தான். சேர்ந்த கரி தானே எரிந்து போவதற்கு, வண்டி சூடேறிய நிலையில் கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் இடைவிடாமல் ஓடவேண்டும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து கடைவீதிக்கும், அங்கிருந்து கோயிலுக்குமாக ஓடுகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கரி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கிறது. ஆத்தூருக்கும் சேலத்துக்கும் தினந்தோறும் போய்வருகிற வியாபாரிக்கு டீசல் பொருந்தும். வாரம் ஒருமுறை போகிறவருக்குப் பொருந்தாது.

கடைசியாக, ‘சிங்கிள் ஓனர்’, ‘டாக்டர் ஓட்டிய வண்டி’, ‘கிலோமீட்டர் கம்மி’ என்னும் மூன்று சிபாரிசுகள். வீரகனூர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் முந்திய சொந்தக்காரரின் உத்தியோகத்தை விசாரித்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். வண்டிக்கும் பார்க்கவேண்டிய இடங்கள் உண்டு. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் இழுத்து உரித்தால், உள்ளே தகட்டின் விளிம்பில் கம்பெனி வைத்த பற்றுப்புள்ளிகள் வட்டமாக, ஒரே சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரியவேண்டும். அவை மறைந்து, பட்டி பூசிய மேடு தட்டுப்பட்டால், அந்தப் பக்கம் அடிபட்டு டிங்கரிங் பார்த்தது என்று பொருள். பெல்ட்டை அதன் கடைசி முழம்வரை உருவிப் பாருங்கள். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்த முழத்தில் சேற்றின் கோடு தங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று நான்கு எண்கள் இருந்தால், அது 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்று காட்டுகையில், நான்கு டயர்களும் வண்டிக்குப் பின் பிறந்தவையாக இருந்தால் கேள்வி எழுப்பவேண்டியது நியாயமே. கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அப்படியே.

இந்த இடத்தில் எக்கோஸ்போர்ட்டைப் பற்றிப் பரவியிருக்கும் பேச்சையும் மறுத்தாக வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலைநகர்த் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றபின், “கம்பெனி போன வண்டி, தொடாதீங்க” என்பது வேதவாக்காகிவிட்டது. அந்த வண்டிகளில் தவிர்க்கவேண்டியது எது, தாராளமாக வாங்கக்கூடியது எது என்கிற பேதத்தை இந்த ஒரே வாக்கியம் அழித்துவிடுகிறது. தொடக்க வருஷங்களில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ரகத்தில் பொருத்தப்பட்ட இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உலகெங்கும் அவப்பெயர் எடுத்தது. ஆஸ்திரேலியாவில் அந்த கியர்பாக்ஸ் பற்றிய முறையீடுகளை நடத்திய விதத்துக்காக, 2018-இல் அந்நாட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வளைவுக்கு வளைவு ஊர்ந்து நின்று ஏறவேண்டிய மலைப்பாதைக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2017-க்குப் பின் வந்த ஆட்டோமேட்டிக்கில் அந்த கியர்பாக்ஸே கிடையாது, 1.5 லிட்டர் டீசல் மேனுவலோ இன்றைக்கும் மெக்கானிக்குகளின் நன்மதிப்பைப் பெற்றது. ஊர்ப்பேச்சினால் விலை தாழ்ந்து கிடக்கும் அத்தகைய வண்டி ஒன்று, ஒழுங்காக சர்வீஸ் செய்த ரசீதுகளோடு வருமானால், பக்கத்தில் நிற்கிற பளபளப்பான புது வண்டியைக் காட்டிலும் அதையே தேர்ந்தெடுப்பது விவேகம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தில் பாங்கின் பெயர் அடமானமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பதிவாகியிருந்தால், பாங்கின் தடையில்லாச் சான்றும், பாங்கு கையொப்பமிட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே, பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, பாக்கித் தொகையைக் கொடுக்கவேண்டும்.