"நம் தொகுதி" என்னும் மாயை: சிகாமட் கற்பிக்கும் பாடம்



சில ஆண்டுகளுக்கு முன்பு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில், பள்ளிக் கழிப்பறையின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. யாரிடம் முறையிடுவது, எப்படி முறையிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒருவர் எழுந்து, "தொகுதியில் இருப்பவர் நம்மவர்தானே ஐயா! அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். தேர்தல் வரட்டும், அவராகவே செய்து கொடுப்பார்" என்றார். கூட்டம் தலையசைத்தது. நானும் வாய்மூடி அமர்ந்திருந்தேன். அன்று பேசாமல் இருந்த குற்றத்திற்குக் கழுவாயாகவே இன்று இதனை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லேன். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு இதனை எழுதவில்லை. "அவர் நம்மவர், அது போதும்" என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் கல்விக்குக் கேடு செய்கிறது என்பதே என் வாதம். அதற்குச் சான்றாக நம் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய பெயர்களைக் கண்ட மண்

ஜொகூரின் வடபகுதியில், தோட்டங்களும் இரயில் பாதையும் சூழக் கிடப்பது சிகாமட். 1974க்கு முன்னர் சிகாமட் வடக்கு, சிகாமட் தெற்கு என இரு நாடாளுமன்றத் தொகுதிகளாக அது பிரிந்திருந்தது. பின்னாளில் துணைப் பிரதமரான மூசா ஹீத்தாம் 1968ஆம் ஆண்டு சிகாமட் வடக்கு இடைத்தேர்தலின் வழியாகத்தான் நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தார். 1974இல் சிகாமட் ஒரே தொகுதியானதும் ம.சீ.ச. தலைவர் லீ சான் சூன் அதன் உறுப்பினரானார். 1982இல் அவர் சிரம்பானுக்குப் போட்டியிடச் சென்றுவிட்டார்.

பிறகு அத்தொகுதி ம.இ.கா.வின் கைக்கு வந்தது. ம.இ.கா. துணைத் தலைவராக விளங்கிய டத்தோ சி. சுப்பிரமணியம் 1990களில் சிகாமட்டின் உறுப்பினராக இருந்தார். 2004இல் அதே பெயர் கொண்ட மற்றொருவர், டாக்டர் ச. சுப்பிரமணியம், வந்தார். 2008, 2013 ஆகிய தேர்தல்களிலும் அவரே வென்றார், மனிதவள அமைச்சராகவும் பின்னர் சுகாதார அமைச்சராகவும் பணியாற்றினார், ம.இ.கா. தலைவராகவும் உயர்ந்தார். 2018இல் மக்கள் நீதிக் கட்சியின் எட்மண்ட் சந்தாரா அவரைத் தோற்கடித்தார். 2022இல் அதே கட்சியின் யுனேஸ்வரன் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குப் பெரும்பான்மையில் வென்றார்.

இந்த வரிசையைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். 1990கள் தொட்டு 2022 பொதுத்தேர்தல் வரை சிகாமட்டுக்கு நான்கு உறுப்பினர்கள். நால்வரும் இந்தியர்கள். கட்சி மாறியது, கூட்டணி மாறியது, நாட்டின் ஆட்சியே மாறியது. ஆனால் "நம்மவர்" மட்டும் மாறவில்லை. பெயரைப் பார்த்து வாக்களிப்பதே நம் கொள்கை என்றால், அக்கொள்கை அங்கே முப்பதாண்டுகளாகத் தோற்றதே இல்லை. அங்ஙனமாயின், சிகாமட் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் கேட்டுப் பெற வேண்டியது ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாதன்றோ? அங்குள்ள ஆசிரியர்களை வினவிப் பாருங்கள், விடை கிடைக்கும்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய கணக்கு

இனி எண்களைப் பார்ப்போம்.

2008: டாக்டர் சுப்பிரமணியம் 15,921, ஜனநாயகச் செயல் கட்சியின் பாங் ஹோக் லியோங் 12,930. வேறுபாடு 2,991.

2013: டாக்டர் சுப்பிரமணியம் 20,037, மக்கள் நீதிக் கட்சியின் சுவா ஜுய் மெங் 18,820. வேறுபாடு 1,217.

2018: எட்மண்ட் சந்தாரா 24,060, டாக்டர் சுப்பிரமணியம் 18,584. வேறுபாடு 5,476.

2013ஆம் ஆண்டின் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதுவோம். 1,217இல் பாதி 608½. ஆகவே, 609 பேர் இப்பக்கமிருந்து அப்பக்கம் போயிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். இருவருக்கும் விழுந்த மொத்த வாக்குகள் 38,857. சிகாமட்டில் இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அந்த விகிதப்படி பார்த்தால் நம்முடைய வாக்குகள் நாலாயிரத்தை ஒட்டியவை. அறுநூற்றொன்பது பேர் போதும் என்ற இடத்தில் நாலாயிரம் பேர் நின்றிருந்தோம்!

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, சிகாமட் "நம் தொகுதி" அன்று. பத்தில் ஒன்பது பேர் மலாய்க்காரர்களும் சீனர்களும். அவர்கள் வாக்களிக்காமல் நம்மவர் எவரும் அங்கே வென்றதில்லை, வெல்லவும் இயலாது. இரண்டு, நாம் கையாலாகாதவர்களும் அல்லர். போட்டி நெருக்கமாகும்போது பத்தில் ஒருவரே முடிவைத் தீர்மானிக்கிறார். 2008, 2013 ஆகிய இரு தேர்தல்களிலும் எதிரணி சீன வேட்பாளரையே நிறுத்தியது. 1,217 வாக்குகளில் தொகுதியைத் தவறவிட்ட பின்னரே, 2018இல் அது ஓர் இந்தியரை நிறுத்திற்று. நம் வாக்கு யாருக்கு விழும் என்பது உறுதியில்லை என்ற நிலை வந்தபோதுதான் இருதரப்பும் நம்மைத் தேடி வந்தன என்றே நான் இதனைப் பொருள்கொள்கிறேன்.

பட்டா போட்டுக் கொடுத்தவர் யார்?

"பரம்பரைத் தொகுதி" என்ற சொல்லை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். காம்பீர் சட்டமன்றத் தொகுதியை நினைத்துப் பாருங்கள். 2008, 2013 தேர்தல்களில் ம.இ.கா.வின் எம். அசோஜன் வென்ற தொகுதி அது. 2018இல் முகைதின் யாசின் அங்கே போட்டியிட்டு வென்றார். 2022 மார்ச்சு மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணியின் சார்பில் அங்கு நின்று வென்றவர் அம்னோ வேட்பாளர். "நம் தொகுதி" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது கூட்டணிப் பங்கீட்டு மேசையில் ஒரே பருவத்தில் கைமாறிவிட்டது.

அதே தேர்தலில் ம.இ.கா. நான்கு இடங்களில் போட்டியிட்டுக் காஹாங், தெங்காரோ, கெமெலா ஆகிய மூன்றில் வென்றது. புக்கிட் பத்துவில் தோற்றது. காஹாங்கிலும் தெங்காரோவிலும் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். அவர்கள் தந்த வெற்றியைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டி, "இது உங்கள் வெற்றி, நன்றியோடு இருங்கள்" என்று சொன்னால் நாம் ஏன் நம்ப வேண்டும்?

2020இல் நிகழ்ந்ததும் நினைவிருக்கும். நாட்டில் ஆட்சி கவிழ்ந்த அந்தப் பிப்ரவரியில், சிகாமட் உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுத்த கட்சியைவிட்டு விலகி மறுதரப்பில் சேர்ந்தார். பின்னர்த் துணை அமைச்சரானார். 24,060 பேர் ஒரு சின்னத்திற்கு இட்ட வாக்கு, அவர்களைக் கேளாமலேயே வேறிடம் போயிற்று. அவரும் நம்மவரே. பெயர் நமக்குக் காவலாக நின்றதா? கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த பிறகே இத்தகைய தாவலுக்குப் பெரும்பாலும் கடிவாளம் இடப்பட்டது. பெயரால் கிடைக்காத பாதுகாப்பைச் சட்டம் தந்தது.

"அப்படியானால் நம்மவரே வேண்டாமா?"

இப்படிக் கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. வேண்டும் என்பதே என் விடையும். தமிழ்ப் பள்ளியின் ஒற்றைப் படிக்கட்டில் ஏறி இறங்கியவருக்கு அதன் குறை விளங்குவதுபோல் மற்றவருக்கு விளங்காது. நாடாளுமன்றத்தில் நம் குரல் ஒலிப்பது நமக்குப் பெருமையும் தேவையும் ஆகும். ஆனால் நம்மவர் இருந்தால் போதும், அவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

வரலாறு என் பக்கம் நிற்கிறது. 2008 தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. ஜொகூரில் அந்த அலை வீசவில்லை. இங்குள்ள 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் 25ஐ அதுவே வென்றது. எனினும் நாடு முழுவதும் இந்திய வாக்குகள் கைநழுவியதை ஆட்சியாளர் கண்டுகொண்டனர். 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளுக்கென 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. மற்ற பள்ளிகளுக்கும் ஒதுக்கீடுகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும், பல்லாண்டுகள் விசுவாசமாக இருந்தபோது கேட்டும் கிடைக்காதது, விசுவாசம் தளர்ந்த நான்காண்டுகளுக்குள் கிடைத்ததை நாம் மறக்கலாமா? அழுத பிள்ளைக்கே பால் என்பது பழமொழி. நாமோ, பிள்ளை அழுதால் தாய்க்குச் சங்கடம் என்று வாயைப் பொத்துகிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாதிரிக் காசோலைக்கு முன்னால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதை நிறுத்துவோம். விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். மாலையோடு பிள்ளைகள் காத்து நிற்பர். அங்கே அவர்கள் கற்கும் பாடம் ஒன்றே: அரசுப் பணம் என்பது ஒருவர் கொடுக்கும் பிச்சை, அதனைக் கைகூப்பி வாங்க வேண்டும். அது நம் வரிப்பணம் என்பதை யார் கற்பிப்பது?

2. வாக்குறுதிகளை எழுதி வைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் குறிப்பேட்டில் நாள், பெயர், தொகை மூன்றையும் பதிவு செய்வோம். அடுத்த வருகையின்போது அந்தப் பக்கத்தை மரியாதையாகத் திறந்து காட்டுவோம். இது எக்கட்சியினருக்கும் பொருந்தும்.

3. தேர்தல் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கட்சிப் பிரசாரம் வகுப்பறைக்குள் வரவே கூடாது. ஆசிரியர் அரசு ஊழியர் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் 20,037இலிருந்து 18,820ஐக் கழிப்பதில் என்ன பிரசாரம் இருக்கிறது? பெற்றோர்கள் வீட்டிலும் இக்கணக்கைச் செய்து காட்டலாம்.

4. வாக்களிப்போம். 2022 மார்ச்சு ஜொகூர் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. நோய்த்தொற்றுக் காலத்தின் அச்சமும், சிங்கப்பூரில் பணிபுரிவோர் எல்லை தாண்டி வருவதற்கிருந்த தடைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. அவை மெய்யே. ஆயினும் உள்ளூரில் இருந்துகொண்டே போகாதவர்களை நானறிவேன். 609 பேர் ஒரு தொகுதியின் தலையெழுத்தை மாற்றக்கூடிய மாநிலத்தில் வீட்டிலிருப்பவன் எதனைக் குறைகூற முடியும்?

நான்காவதைப் பற்றி இன்னும் ஒன்று. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 திசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தன. அவ்வுரிமையோடு நடைபெற்ற முதல் தேர்தலே ஜொகூர் தேர்தல்தான். 2016இல் நம்மிடம் ஆறாம் ஆண்டு பயின்று யு.பி.எஸ்.ஆர். எழுதிய பிள்ளைகள் 2022இல் பதினெட்டை எட்டினர். இன்று ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியும் ஆறே ஆண்டுகளில் வாக்குச் சாவடியில் நிற்பாள். அவள் அங்கே என்ன நினைத்துக்கொண்டு நிற்பாள் என்பது நம் கையில் இருக்கிறது. பெயரை மட்டும் பார்க்கப் பழகியவளாக நிற்பாளா, "ஐந்தாண்டில் என்ன செய்தீர்?" என்று கேட்கப் பழகியவளாக நிற்பாளா?

அந்தக் கழிப்பறைக் கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வந்தது, போனது. கூரையைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலங்கள் பிள்ளைகள் வாளிகளுக்கு இடையே கால்வைத்து நடந்தார்கள். இறுதியில் பெற்றோர்கள் கைக்காசு போட்டுத் தகரம் வாங்கினார்கள். முதலில் ஐம்பது ரிங்கிட்டை எடுத்து மேசைமேல் வைத்தவர், அன்று "சங்கடப்படுத்த வேண்டாம்" என்று சொன்ன அதே பெரியவர்தான். நல்ல மனிதர். அவருடைய ஐம்பது ரிங்கிட் செலவாகாமல் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அடுத்த கூட்டத்தில் நான் வாய்மூடி இருக்கப் போவதில்லை. நீங்களும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியன்,
ஜொகூர்.