மக்கள் தொடர்பு மாநாட்டில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ மக்கள் தொடர்புத் துறை மாநாடு ஒன்றுக்குச் செல்ல விரும்புவதாகச் சொன்னால், வளைகுடா வாழ் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து முதலில் எழும் கேள்வி, "அதற்கு மதிப்பெண் உண்டா?" என்பதே. பொறியியல் கண்காட்சி என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு தாமே அழைத்துச் செல்லும் தந்தையர்கூட இதற்குத் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. வருமானத்தின் பெரும்பகுதியைக் கல்லூரிக் கட்டணமாகச் செலுத்துவோர் கணக்குப் பார்ப்பது இயல்பு. ஆனால் அக்கணக்கில் ஒரு வரவு விடுபட்டுப் போகிறது.

மக்கள் தொடர்பு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது திரைப்படத் துறையே. 1958 இல் 'நாடோடி மன்னன்' படத்திற்காகப் பத்திரிகைகளுக்குப் புகைப்படங்களைக் கொண்டு சேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளராக அறியப்படுகிறார். அதே ஆண்டில்தான் இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் உருவானது. 1968 ஏப்ரல் 21 அன்று தில்லியில் முதல் அனைத்திந்திய மக்கள் தொடர்பு மாநாடு கூடியது. அந்நாளே இன்றும் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆக, இது நேற்று முளைத்த துறையன்று. எனினும் படத்திறப்பு, பத்திரிகைக் குறிப்பு, பொன்னாடை என்ற அளவிலேயே நம் எண்ணம் நின்றுவிட்டது.

இத்துறையின் உண்மையான பணி எதுவென்பதை அஜ்மானில் வாழ்வோர் 2024 இல் கண்ணெதிரே கண்டனர். விசா காலாவதியாகித் தங்கியிருந்தோருக்காக ஐக்கிய அரபு அமீரகம் செப்டம்பர் 1 முதல் இரண்டு மாதங்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தது. நாளொன்றுக்கு 50 திர்ஹம், அதாவது ஓராண்டுக்கு 18,250 திர்ஹம் என ஏறிக்கொண்டிருந்த அபராதம் தள்ளுபடியானது. நாடு திரும்புவோருக்கு மறுநுழைவுத் தடை இல்லை. புதிய வேலை கிடைத்தோர் இங்கேயே நிலையைச் சீராக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. காலக்கெடு நீட்டிக்கப்படாது என்று முதலில் சொல்லப்பட்டு, கடைசி நாளான அக்டோபர் 31 அன்று டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது.

நீட்டித்தது கருணைமிக்க செயல். ஆனால் கடைசி நாளில் வெளியாகும் ஓர் அறிவிப்பு, அல் ஜர்ஃப் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் உழைத்துவிட்டு, பிடிபடுவோமோ என்ற அச்சத்தில் வெளியே தலைகாட்டாத ஒரு தமிழ்த் தொழிலாளியை எப்படிச் சென்றடையும்? அவர் ஆங்கில நாளிதழ் வாசிப்பவரல்லர். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவில் எது உண்மை, எது வதந்தி என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. விரல்ரேகை வைத்தால் சிறையில் அடைத்துவிடுவார்கள் என்று அறைத்தோழர் சொன்னால் அதையே நம்புவார். செய்தி வெளியாவது வேறு, உரியவரைச் சேர்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே மக்கள் தொடர்பு.

அந்தப் பொது மன்னிப்பின் முதல் வாரத்திலேயே, செப்டம்பர் 4, 5 ஆகிய நாட்களில், அஜ்மானை ஒட்டிய ஷார்ஜாவின் எக்ஸ்போ மையத்தில் பன்னாட்டு அரசுத் தகவல் தொடர்பு மன்றத்தின் 13 ஆவது கூட்டம் நடைபெற்றது. 2012 இல் தொடங்கிய இம்மன்றம், அரசுகள் மக்களோடு எவ்வாறு பேச வேண்டும் என்பதை விவாதிக்கும் மேடை. அமைச்சர்களும் ஊடகவியலாளர்களும் வருகின்றனர். மாணவர்களுக்கும் அங்கே இடமுண்டு. 1988 இல் நிறுவப்பட்ட அஜ்மான் பல்கலைக்கழகத்திலும் மக்கள் தொடர்பு ஒரு பாடப்பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. வாய்ப்பு வாசலுக்கு வந்து நிற்கிறது என்றே சொல்லலாம்.

இளையோரே, அங்கே செல்வதென்றால் வெறுங்கையோடு செல்லாதீர்கள். இலவசப் பையும் புகைப்படமும் சான்றிதழும் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். அதற்காக ஒரு நாள் வகுப்பை இழப்பது வீண். நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே படித்து இரண்டு அமர்வுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பு பற்றிய அமர்வு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். முந்தைய வாரத்தில் ஒருநாள் உங்கள் பகுதி டைப்பிங் சென்டரிலோ, மளிகைக் கடையிலோ, தொழிலாளர் விடுதியிலோ நம்மவர் இருவரிடம், அரசு அறிவிப்புகள் தங்களுக்கு எவ்வழியாகத் தெரியவருகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, "அரபும் ஆங்கிலமும் அறியாத தொழிலாளிக்கு உங்கள் செய்தி எந்த மொழியில், யார் வாயிலாகச் செல்கிறது?" என்று பணிவோடு கேளுங்கள். அரங்கிலுள்ள பெரும்பாலோருக்கு இக்கேள்வியைக் கேட்கத் தோன்றாது. அத்தொழிலாளியின் மொழியை வீட்டில் பேசி வளர்ந்த உங்களுக்குத் தோன்றும். அரபு மொழியைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் இனியேனும் அதைப் பேசப் பழகுங்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தும் அரபியில் ஒரு விண்ணப்பம் எழுதத் தடுமாறுவது நமக்கு வருத்தமே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகன் என்றால் அனுமதி, மகள் என்றால் யோசனை என்று பிரிக்க வேண்டாம். மாநாடு பகலில், பொது அரங்கில் நடைபெறுவது. போக்குவரத்து நெரிசல் இல்லையென்றால் அஜ்மானிலிருந்து அரை மணி நேரப் பயணமே. 2025 ஆம் ஆண்டுக் கூட்டமும் செப்டம்பரில்தான் நடைபெற்றது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற குடும்பங்கள் திரும்பிவரும் பருவம் அது. அடுத்த முறை விமானச் சீட்டு எடுக்கும் முன், மன்றத்தின் தேதியையும் பெயர்ப்பதிவுக்கான கடைசி நாளையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நாளைக் குறியுங்கள்.