மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?



பத்து பாகாட் நகரத்தில் சிறுவர் சிறுமியர் கால் நகராமல் நிற்கும் இடங்களுள் வண்ணமீன் கடையும் ஒன்று. பிள்ளையின் கெஞ்சலுக்கு இணங்கித் தந்தையார் ஒரு கண்ணாடித் தொட்டியும் சில மீன்களும் வாங்கித் தருகிறார். ஒரு வாரம் கழிகிறது. மீன்கள் ஒவ்வொன்றாய் இறந்து மிதக்கின்றன. "அழாதே, வேறு மீன் வாங்கலாம்" என்று தேற்றுகிறோம். அடுத்த வாரமும் அதே கதைதான். முடிவில், "நல்ல வடிகட்டி இல்லாததே குறை, விலை உயர்ந்ததாக ஒன்று வாங்குவோம்" என்று தீர்மானிக்கிறோம். அத்தீர்மானம் தவறானது என்பதே நம் கருத்து.

நமக்கு நேர்ந்த ஒரு பிழையை ஒளிக்காமல் கூறுகிறோம். நாம் வகுப்பறையில் வைத்திருந்த மீன் தொட்டியில் பஞ்சு வடிகட்டி ஒன்று இருந்தது. பஞ்சு பழுப்பேறி வழவழப்பாக இருக்கக் கண்டு, ஒரு நாள் அதைக் குழாய் நீரில் பிழிந்து பிழிந்து, புதியது போல் ஆகும்வரை கழுவினோம். தொட்டி நீரையும் முழுவதுமாக மாற்றினோம். நீர் பளிங்கு போல் விளங்கியது. மூன்றாம் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து தவித்தன. வார இறுதிக்குள் பாதிக்கு மேல் மடிந்தன. நீர் தெளிவாகவே இருந்தது, உயிர்தான் இல்லை.

இதன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். மீனின் கழிவும், அது உண்ணாமல் விட்ட இரையும் நீரில் அமோனியா என்னும் நஞ்சாகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. பிறகு அந்த நைட்ரைட்டும் நுண்ணுயிர்களாலேயே தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாறுகிறது. இவ்வுண்மையை 1890ஆம் ஆண்டளவில் ருஷ்ய அறிஞர் வினோகிராத்ஸ்கி ஆராய்ந்து காட்டினார். நாம் அழுக்கு என்று கழுவித் தள்ளிய வழவழப்பில்தான் அந்த நுண்ணுயிர்கள் குடியிருந்தன. குடிநீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின் அவற்றையும் கொன்றுவிட்டது.

தோட்டத்து அன்பர்களுக்கு இது புதிதன்று. செம்பனை எண்ணெய் ஆலைகளின் பின்புறத்தில் வரிசையாகக் கழிவுநீர்க் குளங்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆலைக் கழிவுநீரை அப்படியே ஆற்றில் விடலாகாது என்று 1977ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அந்நீர் பல நாள் குளம் குளமாகத் தங்க, நுண்ணுயிர்களே கழிவைச் சிதைக்கின்றன. ஆலைக்குக் குளம் எதுவோ, மீன் தொட்டிக்கு வடிகட்டி அதுவே. 2017இல் ஜொகூர் ஆற்றில் அமோனியா கலந்தபோது குடிநீர் நிலையங்களே நிறுத்தப்பட்டன. அத்துணைப் பெரிய ஆற்றுக்கே அந்நிலை என்றால், இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்!

ஆகவே, தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. நம் வட்டாரத்துச் சதுப்பு மண்ணில் வெட்டிய பாரிட் கால்வாய்களில் நீர் தேநீர் நிறத்தில் ஓடுவதை நாம் அறிவோம். மேற்கு ஜொகூரின் அத்தகைய கருநீரில் வாழும் ஒரு சிறு சண்டை மீனுக்கு 1986இல் பெட்டா பெர்செஃபோனி என்று அறிவியலார் பெயரிட்டனர். நிறத்தைக் கண்டு நாம் முகம் சுளிக்கும் நீரே அம்மீனுக்குத் தாய்வீடு.

இனி, கடையில் எதைத் தேர்ந்தெடுப்பது? புற ஊதா விளக்குப் பொருத்திய கருவி, நீரில் மிதக்கும் பாசியையும் கிருமியையும் அழிக்கும், அமோனியாவை நீக்காது. கரித்தூள் நிறத்தையும் வாடையையும் ஈர்க்கும். சில வாரங்களில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். நுண்சவ்வின் வழியே நீரைப் பிழிந்தெடுக்கும் குடிநீர்க் கருவி, மீனுக்கு வேண்டிய தாது உப்புகளையும் நீக்கிவிடும். தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய வடிகட்டி சிறந்ததே. ஆனால் அது பெருந்தொட்டிக்கு உரியது. நம் மாவட்டத்துப் பண்ணைகளில் வளர்க்கப்படும் கெலிசா போன்ற பெரிய மீன் வளர்ப்போர் அதனை வாங்கட்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட வீட்டுத் தொட்டிக்குச் சிறிய காற்றுப் பம்பும் ஒரு பஞ்சு வடிகட்டியுமே போதும் என்பது நம் துணிபு. விலை குறைவு, பழுதும் குறைவு, மீன் குஞ்சுகளையும் அது உறிஞ்சாது.

"விலை உயர்ந்ததை வாங்கினால் கவலை இல்லையே" என்பர் சிலர். எந்தக் கருவியும் கவனத்திற்கு ஈடாகாது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே போதும். இரையும் சிறிதளவே இடுக. நாம் கூறிய தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு பெரிய வாளி நீரை வாரந்தோறும் மாற்றுக. வெள்ளிக்கிழமை மாலை குழாய் நீரைப் பிடித்துத் திறந்து வைத்தால் சனிக்கிழமை மாலைக்குள் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமின் கலந்த நீராயின் அது தானாக அகலாது. கடையில் விற்கும் நீர் மருந்தைச் சில சொட்டு இடவேண்டும். பஞ்சைக் கழுவ வேண்டின், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலசுக. பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். காற்று இன்றேல் அந்த நுண்ணுயிர்களும் மடியும்.

இவையெல்லாம் ஒரு சிறுவனோ சிறுமியோ செய்யக்கூடிய பணிகள். அவர்களே செய்ய வேண்டும் என்பதும் நம் விருப்பம். இறந்த மீனுக்கு மாற்றாக மறுநாளே வேறு மீன் வாங்கித் தந்தால், உயிர் என்பது கடையில் கிடைக்கும் பண்டம் என்றே பிள்ளை கற்கும். ஆறு வாரம் காத்திருந்து, வாரந்தோறும் ஒரு வாளி நீர் சுமந்து, அதே மீன் ஓராண்டு வாழக் கண்டால், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் நம்மைத் தாங்குகின்றன என்பதை அது உணரும். ஒருநாள் அந்தப் பிள்ளை ஆற்றங்கரையில் நிற்கும்போது குப்பையை நீரில் எறியத் துணியாது.

எனவே, பெற்றோர்களே, வடிகட்டி வாங்கச் செல்லும் நாளில் மீனையும் சேர்த்து வாங்கி வராதீர்கள். முதலில் தொட்டியும் பஞ்சு வடிகட்டியும் வரட்டும். ஒரு வாளியையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். மீன் சில நாள் பொறுத்து வரட்டும்.