பெயரை வாங்குகிறோமா, வண்டியை வாங்குகிறோமா?

ஏழு பேர் அமரக்கூடிய மகிழுந்து வாங்க வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தால் போதும், அறிவுரைக்குப் பஞ்சமே இராது. “புரோட்டோனா? கண்ணாடி இறங்கினால் ஏறாதே!” என்பார் மாமா. “பெரோடுவாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். “டொயோட்டாவுக்கு ஈடு இணை உண்டா?” என்று இன்னொருவர் கேட்பார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆனால், மூவரும் பேசுவது நிறுவனத்தின் பெயரைப் பற்றியே. வாங்கப்போகும் வண்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் மகிழுந்துக் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை தவணை முறையில் கட்டுகின்றனர். படிவம் ஒன்றில் பயிலும் மாணவர் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற பிறகும் அந்தத் தவணை தொடரலாம். தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குச் செல்லும்போது மூன்றாம் வரிசை இருக்கையில் அமர்வோரும் பிள்ளைகளே. ஆகவே, ‘எந்த நிறுவனம் நம்பகமானது?’ என்ற கேள்வியே தவறானது என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் புரோட்டோன் எக்சோராவும் அதே ஆண்டு நவம்பரில் பெரோடுவா அல்சாவும் அறிமுகமாயின. இரண்டும் பல்நோக்கு வாகனங்கள். நடுத்தரக் குடும்பங்களை நோக்கி வந்தவை. எக்சோரா புரோட்டோன் நிறுவனமே வடிவமைத்தது. அல்சாவோ ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்தின் மாதிரி ஒன்றைத் தழுவியது. எக்சோராவின் உட்புறம் விசாலமானது. அல்சாவை ‘ஐந்தும் இரண்டும்’ என்றே விளம்பரம் செய்தனர்; அதாவது, பின்னிருக்கை இரண்டும் அவ்வப்போது பயன்படுத்துவதற்கே என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அது நேர்மையான விளம்பரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இயந்திரத்திற்குள் எட்டிப் பார்ப்போம். முதல் தலைமுறை அல்சாவின் இயந்திரத்தில் வால்வுகளை இயக்குவது உலோகச் சங்கிலி. எக்சோராவில் அதே வேலையைச் செய்வது இரப்பர்ப் பட்டை. இந்தப் பட்டையைக் குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒருநாள் நெடுஞ்சாலையில் அது அறுந்துபோகும். இயந்திரத்தின் உட்பகுதிகள் சேதமடையும். பழுதுபார்க்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவாகும். அப்போது உரிமையாளர் என்ன சொல்வார்? “புரோட்டோன் இப்படித்தான்” என்பார். பட்டையை மாற்றும் நாளைத் தவறவிட்டது யார் என்ற கேள்வி எழாது. மேலும், எக்சோராக்கள் பல வாடகை வண்டிகளாகவும் ஓடின. பகலும் இரவும் ஓடும் வண்டியையும் வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தலாமா?

ஒரே பெயருக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. முதல் அல்சாவில் இருந்தது நான்கு வேகத் தானியங்கிக் கியர்பாக்ஸ். 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை அல்சாவில் இருப்பது சிவிடி எனப்படும் வேறு வகை. எக்சோராவும் 2011ஆம் ஆண்டின் இறுதியில் டர்போ இயந்திரத்திற்கும் சிவிடிக்கும் மாறியது. பெயர் பழையது; உள்ளே இருப்பதோ புதியது. பழைய அல்சாவின் நற்பெயரை வைத்துப் புதிய அல்சாவை மதிப்பிடுவது, அண்ணனின் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துத் தம்பிக்குப் புள்ளி போடுவதைப் போன்றது. புரோட்டோனின் கண்ணாடிக் கதையும் அப்படியே. அது முன்னாளில் வெளிவந்த வண்டிகளைப் பற்றிய கேலி. 2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய பின்னர் அங்குப் பல மாற்றங்கள் வந்துவிட்டன. கேலி மட்டும் மாறவில்லை.

உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஹோண்டாவின் ஒடிசி அமெரிக்கக் குடும்பங்கள் பெரிதும் விரும்பிய வண்டி. 2004ஆம் ஆண்டில் ஹோண்டா ஏறத்தாழ 1.1 மில்லியன் வாகனங்களைத் தானியங்கிக் கியர்பாக்ஸ் கோளாற்றுக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றுள் 2002 முதல் 2004 வரையிலான ஒடிசிகளும் அடங்கும். ‘ஹோண்டா’ என்ற பெயரை மட்டும் பார்த்து அந்த ஆண்டுகளின் வண்டியை வாங்கியவருக்குப் பெயர் துணைக்கு வரவில்லை.

“அப்படியானால் ஆய்வுகளை நம்பலாமே” என்று சிலர் கேட்கலாம். நம்பலாம், ஆனால், ஆய்வு எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டு நம்ப வேண்டும். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் நூறு வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் கைப்பேசி வானொலியோடு இணைய மறுப்பதும் ஒரு குறை. கியர்பாக்ஸ் செயலிழப்பதும் ஒரு குறை. முன்னது எரிச்சல் மட்டுமே தரும். பின்னது குடும்பத்தையே நடுச்சாலையில் நிறுத்திவிடும்.

‘நம்பகம்’ என்ற சொல்லுக்கே இரண்டு முகங்கள் உண்டு. வண்டி பழுதாகாமல் ஓடுவது ஒன்று. அதைச் செய்தவர் உண்மை சொல்வது மற்றொன்று. டைஹாட்சு வண்டிகளுக்குச் சிக்கனமானவை, எளிதில் நிற்காதவை என்ற பெயர் உண்டு. ஆனால், 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு செய்ததை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. சோதனைக்கு அனுப்பிய வண்டிகளின் கதவு உட்புற உறையை அது மாற்றியமைத்திருந்தது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் அந்த மாற்றம் இல்லை. பெரோடுவா ஆக்சியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. டிசம்பரில் அந்தப் பட்டியல் 64 மாதிரிகளாக நீண்டது. இயந்திரம் நம்மை ஏமாற்றவில்லை, சோதனைத்தாள் ஏமாற்றியது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரிய குற்றம். பழுதான இயந்திரம் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பொய்யான சோதனை முடிவு விபத்து நேரும்வரை வாய் திறக்காது.

தகாடா காற்றுப்பைகளும் அப்படி வாய் திறக்காமல் இருந்தவையே. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அவற்றின் வெடிமருந்து நாளடைவில் கெட்டது. விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறின. நம் தட்பவெப்பம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஹோண்டா, டொயோட்டா, பி.எம்.டபிள்யூ. எனப் பல நிறுவனங்களின் வண்டிகளில் அதே பாகம் இருந்தது. ஸ்டீயரிங்கின் நடுவே எந்தச் சின்னம் இருந்தாலும், அதன் பின்னால் இருந்தது தகாடாவே.

நிறுவனத்தின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. பெயர் பெற்ற வண்டிக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். சிற்றூர்ப் பட்டறையிலும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருப்பார். விற்கும்போது நல்ல விலையும் கிடைக்கும். இவை உண்மையான பயன்கள். ஆனால், இவை அந்தப் பெயரைச் சூழ்ந்த சந்தையின் பயன்கள். குறிப்பிட்ட ஒரு வண்டி நாளைக்கு நிற்குமா ஓடுமா என்பதை இவற்றை வைத்துச் சொல்ல இயலாது.

ஆகவே, பழைய வண்டிக் கடையில் ஒரே விலையில் ஓர் அல்சாவும் ஓர் எக்சோராவும் நின்றால், முதலில் இரண்டின் பராமரிப்புக் குறிப்பேட்டையும் கேட்பேன். எக்சோரா என்றால் பட்டையை மாற்றிய தேதியைத் தேடுவேன். காற்றுப்பைக்கான திரும்ப அழைப்பு உண்டா என்று வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு விசாரிப்பேன். அதன்பின், வீட்டிலேயே உயரமான பிள்ளையை அழைத்து மூன்றாம் வரிசையில் உட்காரச் சொல்வேன். அவன் முழங்கால் முன்னிருக்கையில் இடித்தால், விற்பனையாளர் எந்த நிறுவனத்தின் பெருமையைப் பேசினாலும் அடுத்த வண்டியைப் பார்க்க நடந்துவிடுவேன்.