பாதி மெயில் ஏன் நகரவில்லை?

காரைக்காலில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் அரசலாற்றங்கரையில், இன்னொரு கால் பிரான்ஸில். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு இன்றும் காகித வேலை ஓய்வதில்லை. பாஸ்போர்ட் என்றால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம். பிரான்ஸுக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமணப் பதிவு என்றால் நாந்த் நகரத்து அலுவலகம். ஒரு காலத்தில் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் இப்போது இன்பாக்ஸில்.

அப்படி ஒரு வீட்டில், அப்பாவின் கம்ப்யூட்டரில் அவுட்லுக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம், பதில், உறவினர்கள் அனுப்பிய ஸ்கேன் என்று 400 மெயில். அவற்றை ஒரே ஃபோல்டரில் போட, கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்த மகள் ஒரு மேக்ரோ எழுதுகிறாள். மேக்ரோ என்பது பெரிய விஷயமில்லை. 'இந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு மெயிலையும் எடு, அந்த ஃபோல்டரில் போடு' என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் உத்தரவு, அவ்வளவுதான். ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதை எழுதும் ஜன்னல் திறக்கும்.

முதல் தகராறு அங்கேயே வரும். அவுட்லுக்கில் 'நாந்த் கடிதங்கள்' என்று தமிழில் ஃபோல்டர் வைக்கலாம், அழகாகத் தெரியும். அதே பெயரை மேக்ரோ ஜன்னலில் அடித்தால் வெறும் கேள்விக்குறிகள்! பிரெஞ்சில் தலையில் கோடு போட்ட எழுத்தைப் பெரும்பாலும் பிசகாமல் வாங்கிக்கொள்ளும் அந்த ஜன்னலுக்குத் தமிழ் தெரியாது. அது யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துப் பட்டியலை நம்பி இயங்குவது. விண்டோஸின் அந்தப் பழைய பட்டியல்களில் தமிழுக்கு இடமே ஒதுக்கவில்லை. காரைக்கால்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். வழி உண்டு. 'க' என்பதற்கு 2965 என ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுத்து எழுதலாம். அதைவிடச் சுலபம், பெயரையே எழுதாமல், 'பிக்ஃபோல்டர்' கட்டளையால் ஃபோல்டர் பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லி மவுஸால் தேர்ந்தெடுப்பது.

இரண்டாவது தகராறுதான் ஆபத்தானது, ஏனென்றால் சத்தமே போடாது. மேக்ரோ ஓடி முடிகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் 400-ல் 200 மட்டுமே போயிருக்கிறது. மறுபடி ஓட்டினால் 100. மறுபடி 50. கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்ததா?

ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் முதலில் நிற்பவருக்கு அரிசி போட்டு அனுப்புகிறார். வரிசை ஓரடி முன்னே நகர்கிறது. இரண்டாவதாக நின்ற பாட்டி இப்போது முதல் ஆள். கடைக்காரரோ நிமிராமல், 'ஒண்ணு முடிஞ்சது, ரெண்டாவதா நிக்கிறவங்க வாங்க' என்கிறார். மூன்றாவதாக நின்றவர் போகிறார். பாட்டி நின்றது நின்றபடியே. மெயில் ஒன்றை நகர்த்தியதும் மிச்சமுள்ளவை ஓரிடம் முன்னேறிவிடுவதால், 'ஒவ்வொன்றாக எடு' என்னும் கட்டளை ஒன்றுவிட்டு ஒன்றைத் தாண்டிவிடுகிறது. மருந்து எளிது: கடைசி மெயிலிலிருந்து தொடங்கி முன்னோக்கி வரவேண்டும். 400, 399, 398... பின்னால் இருப்பவர் போனால் முன்னால் நிற்பவர் இடம் மாறாது.

நகர்த்தாமல் 'பழையதை அழி' என்று எழுதினாலும் இதே கணக்குதான். அதனால் முதலில் பத்து மெயிலின் நகலை ஒரு தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டி, எத்தனை போயின, எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

போனில் மெயில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேக்ரோ போய்ச் சேர்க்கும் ஃபோல்டர், மெயில் கணக்கிற்குள்ளேயே இருந்தால் போனிலும் தெரியும். கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் பி.எஸ்.டி. கோப்புக்குள் இருந்தால் மெயில் சர்வரை விட்டே போய்விடும். பாரிஸில் கவுன்ட்டர் முன் நின்று போனைத் தடவும் மகனுக்கு அது கிடைக்காது. காரைக்காலில் ஹார்ட் டிஸ்க் போனால் யாருக்குமே கிடைக்காது.

வேறு யாரோ எழுதி அனுப்பிய மேக்ரோவை அப்படியே ஓட்டுவது வேண்டாத வேலை. 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் வந்து, அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட்டின் 'நியூ அவுட்லுக்'கில் இந்த மேக்ரோ வசதியே கிடையாது. அதில் இருப்பவர்கள் 'ரூல்ஸ்' பகுதியில் அனுப்புநர் முகவரியைக் கொடுத்துவிட்டால், வரும்போதே மெயில் உரிய ஃபோல்டருக்குப் போய்விடும். ஆனால் அப்படிப் போன மெயிலுக்குப் போனில் மணி அடிக்காமல் போகலாம். நாந்திலிருந்து பதில் எதிர்பார்க்கும் மாதத்தில் அந்த ரூலை நிறுத்திவைப்பதே மேல்.