மூன்று மணி அடிக்கவில்லை

சிலுவை என்ற சொல்லைக் கிறிஸ்தவர்களாகிய நாம் கெடுத்துவிட்டோம். நாம் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உண்மையில், குற்றவாளிக் கூண்டில் என்னை முதலில் நிறுத்திவிட்டுத்தான் இந்த வழக்கைத் தொடங்கவேண்டும்.

என் மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க, லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை ஆரணிக்குப் போயிருந்தேன். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் அந்த ஊரில், தெருவில் நடந்தாலே வீட்டுக்குள் தறி அடிக்கும் சத்தம் கேட்கும். தெரிந்தவர் ஒருவர் ஒரு சிறு முதலாளி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். சந்தன நிறத்தில் ஒரு சேலை பிடித்திருந்தது. நான் பேரம் பேசினேன். நடுத்தர வர்க்கத்துக்காரனுக்குப் பேரம் பேசுவது ஒரு தர்மம் அல்லவா? 1,500 ரூபாய் குறைத்தேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "பரவாயில்லைங்க, கூலியில பாத்துக்கறேன்" என்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

பின்கட்டில் தறியைப் பார்க்கப் போனேன். குழித்தறியில் கால்களை இறக்கி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. 'நம்மவள்' என்று எனக்கு உடனே ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். ஒரு சேலைக்கு இரண்டு பேர் பத்துப் பதினைந்து நாள் உட்காரவேண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கடன் மட்டும் நிற்காமல் நடக்கும். அவள் புருஷன் வாங்கிய முன்பணம் அவன் செத்த பிறகும் சாகவில்லை. முழங்கால் மடங்க மறுக்கிறது, கண் மங்குகிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ன செய்வதம்மா, அவரவருக்கு ஒரு சிலுவை" என்றேன்.

அவள் நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குக் கேட்பவள் போலக் கேட்டாள்:

"அவருக்கு மூணு மணியோட முடிஞ்சுபோச்சுங்களே ஐயா. எனக்கு இருபத்தெட்டு வருஷமா மூணு மணி அடிக்கலையே."

அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர் ஆலயத்தில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணிவரை ஆராதனை. ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானித்தார்கள். அவர்களில் ஒருவர், துன்பம் தேவன் தரும் பரிசு என்றும், முணுமுணுக்காமல் சுமப்பவனுக்கே கிரீடம் என்றும் உருக்கமாகப் பேசினார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. நானும் வழக்கமாகத் துடைத்துக்கொள்கிறவன்தான். அன்று முடியவில்லை. அந்த உபதேசத்தை நான் ஏற்கெனவே ஆரணியில், ஓர் அம்மாளிடம், 1,500 ரூபாய் மிச்சம் பிடித்த கையோடு செய்துவிட்டு வந்திருந்தேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. முழங்கால் வலியும், தீராத கடனும், குறைந்த கூலியும் 'சிலுவை' என்று யார் சொன்னது?

சுவிசேஷங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இயேசு தம்மிடம் வந்த ஒரு குஷ்டரோகியையாவது, "இது உன் சிலுவை, சுமந்துகொண்டு போ" என்று திருப்பி அனுப்பினாரா? ஒரு குருடனையாவது, "இருட்டில் ஓர் இன்பம் உண்டு" என்று தேற்றினாரா? வந்தவர்களைக் குணமாக்கினார், பசித்தவர்களைப் புல்தரையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். தமக்கு வரப்போகும் பாட்டையும் அவர் பரிசு என்று கொண்டாடவில்லை. கெத்செமனே தோட்டத்தில் அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வியர்வை சொட்ட ஜெபித்தார். பிறகு ஏன் சுமந்தார்? மற்றவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயத்தோடு சமாதானம் செய்துகொள்ள மறுத்தார். அதற்கான விலையாகச் சிலுவை வந்தது. மறுத்தால் சிலுவை வரும் என்று தெரிந்தே மறுத்தார்.

ஆகவே, பிறருக்காகத் தானே முன்வந்து ஏற்பதுதான் சிலுவை. பிறர் நம்மேல் ஏற்றிவைப்பதற்குச் சிலுவை என்று பெயரில்லை. அதற்குச் சுமை என்று பெயர், சில சமயம் கொள்ளை என்று பெயர். கூலியைக் குறைத்தவனும், அதற்குக் காரணமாகப் பேரம் பேசியவனும், அந்தச் சுமைக்குச் சிலுவை என்று பெயர்சூட்டுவது, ஆணி அடித்த சேவகன் அடிபட்டவனுக்குப் பொறுமையைப் போதிப்பது போன்றது. அந்தச் சேவகர்கள்கூட அவ்வளவு தூரம் போகவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதற்குச் சீட்டுப் போட்டார்கள்? ஆரணிக்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. ஓர் அங்கிக்கு. அது தையலே இல்லாமல் மேலிருந்து ஒரே நெசவாக நெய்யப்பட்டது என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு அருமையான நெசவைக் கிழிக்கக் கூடாது என்று அந்த முரடர்களுக்கும் தோன்றியது. துணியைக் கிழிக்க மனம் வரவில்லை, துணிக்குரியவனைக் கிழித்தார்கள். சேலையின் ஜரிகையைத் தடவிப் பார்த்து வியந்துவிட்டு, நெய்தவளின் கூலியை அறுத்த என் கதையும் இதுதான். கல்வாரியில் நான் எந்தக் கூட்டத்தில் நின்றேன் என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

"உயிர்த்தெழுதல் இருக்கிறதே, அங்கே அவளுக்கு எல்லாம் ஈடு செய்யப்படுமே" என்று சிலர் சொல்லக்கூடும். பரலோகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈஸ்டரை ஒரு பென்ஷன் திட்டமாக்குவதை மறுக்கிறேன். வேலை செய்யும் காலத்தில் கூலி தராதவன், செத்த பிறகு பென்ஷன் உண்டு என்று கைகாட்டுவது எந்த ஊர் நியாயம்?

உயிர்த்தெழுந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள். சீஷர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இராமுழுதும் வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்கு மீன் சுட்டுக் காலை உணவு கொடுத்தார். சந்தேகப்பட்ட தோமாவிடம் ஒளிவட்டத்தையா காட்டினார்? காயத்தைக் காட்டினார். மரணத்தையே வென்ற உடம்பிலும் ஆணித் தழும்பு இருந்தது. இதன் அர்த்தம் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது: செய்த அநியாயத்தை மூடிமறைத்துவிட்டு ஓர் உயிர்ப்பு கிடையாது. அல்லேலூயா பாடுமுன், காயம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்க்கவேண்டும்.

"அப்படியானால் துன்பத்துக்கு அர்த்தமே இல்லையா? துன்பத்தில் மலர்ந்தவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆரணியிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை செய்தார். தம்மைப்போல் முடங்கியவர்கள் எழுந்து வாழ 1966-இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது.

இந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, துன்பம் நல்லது" என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். எலும்பு முறிந்தது நல்லதென்றால் மறுவாழ்வு நிலையம் எதற்கு? முறிவு யாருக்கும் நல்லதல்ல என்று தம் உடம்பால் அறிந்தவர் அல்லவா மற்றவர்களை நிமிர்த்தப் பாடுபட்டார்! அங்கே துன்பம் பரிசாகவில்லை, துன்பம் தோற்றது. அதற்குத்தான் உயிர்த்தெழுதல் என்று பெயர்.

"இது அரசியல், கூலியையும் கடனையும் ஏன் ஆலயத்துக்குள் இழுக்கிறாய்?" என்பது கடைசி ஆட்சேபம். நான் இழுக்கவில்லை ஐயா, அவை ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன. மீட்பு, மீட்பர் என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அது எந்த இடத்துச் சொல்? அடகுக் கடைச் சொல். பணம் கட்டி மீட்பது. ஆதித் திருச்சபையின் கிரேக்கச் சொல்லும், விலை கொடுத்து அடிமையை விடுவிப்பதைக் குறித்த சொல்தான். முன்பணத்துக்காக மனிதரைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறையை இந்த நாட்டுச் சட்டம் 1976-இல் ஒழித்தது. பட்டுத் தறிகளில் அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தது அதற்குப் பிறகும் நடந்தது. மீட்பு என்ற சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் நமக்கு, சட்டப் புத்தகத்துக்கு இருக்கும் கூச்சமாவது இருக்கவேண்டாமா?

ஈஸ்டர் கழிந்து செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஆரணிக்குப் போனேன். அந்த அம்மாளிடம் 1,500 ரூபாயைக் கொடுத்தேன். தர்மம் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து, "இது உங்கள் கூலி" என்றேன். அவள் எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. கூலிக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அவள் கடன் அப்படியே இருக்கிறது. முழங்கால் வலியும் இருக்கிறது. ஒருவன் பேரத்தைத் திருப்பிக் கொடுத்ததால் ஆரணியில் மூன்று மணி அடித்துவிடாது. ஆனால் அடுத்த பெரிய வெள்ளிக்கு ஆலயத்தில் உட்காரும்போது, எந்தச் சொல்லை யாரிடம் சொல்லக் கூடாது என்பதாவது எனக்குத் தெரியும். மணிக்கயிறு நம் கையிலும் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.