கேபிள் வெட்ட எந்தக் கத்தரி?

“எங்கள் போர்வெல் மோட்டாரை ஒரே வருஷத்தில் இரண்டு முறை மேலே தூக்கிவிட்டோம். இரண்டு முறையும் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கேபிள் ஜாயின்ட் எரிந்து போயிருந்தது. ‘ஒயரை அரிவாளால் வெட்டினால் இப்படித்தான் ஆகும், கேபிள் கட்டர் வாங்குங்க’ என்கிறார் மோட்டார் இறக்க வந்தவர். வெட்டுவதில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா? எதைப் பார்த்து வாங்குவது?”
- வாசகர், ஒட்டன்சத்திரம்

இருக்கிறது. ஜாயின்ட் எரிவதற்குக் காரணங்கள் பல. டேப் சரியாகச் சுற்றாமல் தண்ணீர் புகுந்திருக்கலாம். மோட்டார் இழுக்கும் ஆம்பியருக்குக் கேபிள் அளவு போதாமல் இருக்கலாம். ஆனால், வெட்டும்போதே தவறு தொடங்கிவிடுவதும் உண்டு.

மோட்டார் கேபிளுக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல; மெல்லிய செம்புக் கம்பிகளின் முறுக்கு. கேபிளைக் கல்லின் மேல் வைத்து அரிவாளால் போட்டால், அந்த முறுக்கு நசுங்கித் தட்டையாகும். நுனி துடைப்பம்போல விரியும். அதை செம்பு ஸ்லீவுக்குள் நுழைக்கும்போது நாலைந்து இழைகள் வெளியே நின்றுவிடும். அவற்றை நறுக்கிவிட்டு மீதியை அழுத்துவார்கள். 4 ஸ்கொயர் கேபிளில் பாய வேண்டிய மின்சாரம், அந்த இடத்தில் மட்டும் குறைந்த செம்பு வழியாகப் பாயும். அங்கே சூடு ஏறும், இன்சுலேஷன் இளகும், தண்ணீர் உள்ளே போகும். பிறகு மோட்டாரைத் தூக்க வேண்டியதுதான்.

ஹாக்ஸா பிளேடால் அறுப்பதிலும் குறை உண்டு. பல் இழைகளை இழுத்துக் கலைக்கும். செம்புத் தூளும் உதிரும். அந்தத் தூள் ஜாயின்ட் டேப்புக்குள் மாட்டினால், ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மின்சாரம் கசிய வழியாகிவிடும்.

கட்டிங் பிளேயர் மெல்லிய ஒயருக்குப் போதும். அதன் இரண்டு வாயும் நகவெட்டி மாதிரி நேருக்கு நேர் வந்து முட்டி, நடுவில் இருப்பதைக் கிள்ளி எடுக்கும். பருத்த கேபிளைக் கிள்ளினால், அறுபடுவதற்கு முன்பே நசுங்கிவிடும்.

கேபிள் கட்டர் வேலை செய்யும் விதமே வேறு. அதன் இரண்டு அலகும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கடந்து போகும். மா, கொய்யா கவாத்து செய்யும் கத்தரியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. அதிலும் இரண்டு வகை உண்டு. கத்தி ஒரு தட்டையான அடிப்பகுதியில் போய் உட்காரும் வகை, பச்சைக் கிளையின் பட்டையை நசுக்கிவிடும். ஒன்றையொன்று கடந்து போகும் வகை, வெட்டுக்காயத்தைச் சுத்தமாக விடும். கேபிள் கட்டர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அலகு உட்புறமாக வளைந்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. துணி வெட்டும் நேர்க் கத்தரியை அகலத் திறந்து உருண்டையான பொருளை வெட்டிப் பார்த்தால், அது முன்பக்கமாக வழுக்கி ஓடும். கிளிமூக்குப் போல வளைந்த அலகு, கேபிளை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெட்டும். கேபிள் நகராது. கம்பிகளும் ஒரே நேரத்தில் இல்லாமல் வரிசையாக அறுபடுவதால், கைக்கும் பாரம் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

எந்த உலோகத்துக்கு என்பது முதலாவது. ‘செம்பு, அலுமினியம் மட்டும்’ என்று குறித்திருந்தால், அதற்கு மட்டும்தான்.

அளவு இரண்டாவது. சில கட்டரில் கம்பியின் பரப்பு சதுர மில்லிமீட்டரில் இருக்கும். சிலவற்றில் கேபிளின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. 35 சதுர மி.மீ. செம்பைச் சேர்த்து உருட்டினால், அதன் விட்டம் 7 மி.மீ. கூட வராது. ரப்பர், பி.வி.சி. உறையோடு சேர்த்தால் வெளிவிட்டம் அதைவிட நிறையவே அதிகம். கையோடு ஒரு துண்டுக் கேபிளைக் கடைக்கு எடுத்துப்போய், வாய்க்குள் அடங்குகிறதா என்று வைத்துப் பார்ப்பது நல்லது.

அலகுகளின் சேர்க்கை மூன்றாவது. மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இரண்டு அலகும் உரசும் இடத்தில் சந்து தெரியக் கூடாது. அச்சாணி, போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கக்கூடியதாக இருந்தால், பின்னாளில் தளர்ந்தாலும் சரிசெய்யலாம்.

வெட்டும்போது கேபிளை அச்சாணிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். கணக்கு எளிது. கை பிடிக்கும் இடம் அச்சாணியிலிருந்து 18 செ.மீ., கேபிள் இருப்பது 1.5 செ.மீ. என்றால், கையின் பலம் 12 மடங்காகும். 15 கிலோ அழுத்தம் 180 கிலோ ஆகிவிடும். அதே கேபிளை நுனியில், 4.5 செ.மீ. தூரத்தில் வைத்தால் 4 மடங்குதான். 60 கிலோதான் கிடைக்கும். பலம் போதவில்லை என்று கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் சொருகுவதும், சுத்தியலால் தட்டுவதும் அச்சாணியை வளைத்துவிடும். பிறகு அந்தக் கட்டர் எந்த வேலைக்கும் ஆகாது.

தட்டையான மூன்று கோர் கேபிளை ஜாயின்ட் போடும்போது, மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்டக் கூடாது. மேலுறையைப் பிரித்து, ஒன்றைக் குட்டையாகவும் ஒன்றை நடுத்தரமாகவும் ஒன்றை நீளமாகவும் வெட்ட வேண்டும். எதிர்முனையில் அதே நிறக் கோர்களைத் தலைகீழாக வெட்டினால், மூன்று இணைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் படிக்கட்டுப் போலத் தள்ளித் தள்ளி அமையும். ஒன்றில் கோளாறு வந்தாலும் அடுத்ததோடு உரசாது. நிறம் மாறாமல் சேர்ப்பதும் முக்கியம். மும்முனை மோட்டாரில் இரண்டு கோர் இடம் மாறினால், மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

“கேபிள் வெட்ட வாங்கிய கட்டரால் முள்வேலிக் கம்பியை வெட்டினோம். வாயில் பிறை மாதிரி பள்ளம் விழுந்துவிட்டது. சாணை பிடித்தால் சரியாகுமா?”
- வாசகர், பரமத்திவேலூர்

செம்பும் அலுமினியமும் மெதுவான உலோகங்கள். அவற்றுக்கான அலகை மெல்லிய கூர்முனையோடு செய்வார்கள். இரும்புக் கம்பி அந்த முனையைவிடப் பிடிவாதமானது. ஒரே வெட்டில் பள்ளம் விழும். அதன்பின் அந்த இடத்தில் செம்பு இழைகள் அறுபடாமல் மாட்டிக்கொள்ளும். ஜி.ஐ. கம்பி, முள்கம்பி, கட்டுக்கம்பி எல்லாவற்றுக்கும் போல்ட் கட்டர் தனியாக வேண்டும். அதில் இரட்டை மூட்டு இருப்பதால் பலம் கூடும், அலகும் தடித்தது. மண்ணுக்குள் புதைக்கும் ஆர்மர்டு கேபிளிலும் உறைக்கு அடியில் இரும்புக் கம்பிச் சுற்று உண்டு. அந்த இரும்பைத் தனியாக அறுத்து நீக்கிவிட்டுத்தான், உள்ளே இருக்கும் கோர்களைக் கேபிள் கட்டரில் வெட்ட வேண்டும்.

சிறிய பள்ளம் என்றால் சரிசெய்யலாம். ஆனால், ஓடும் சாணைச் சக்கரத்தில் வைக்கக் கூடாது. சூடேறி அலகு நீலம் பாய்ந்தால், எஃகின் கடினம் போய்விடும். எண்ணெய்க் கல்லில், கையால், சரிவாக இருக்கும் பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். இரண்டு அலகும் உரசும் தட்டையான பக்கத்தைத் தேய்த்தால் சந்து விழுந்து, கேபிள் அறுபடாமல் மடங்கி உள்ளே புகும். பெரிய பள்ளம் என்றால் அலகு மாற்ற முடிகிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் வேறு வாங்குவதே வழி.

“வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார். தோட்டத்து வேலை எல்லாம் என் பொறுப்பு. பெரிய கட்டரின் கைப்பிடி என் கைக்குள் அடங்கவே இல்லை. பெண்களுக்கு ஏற்றது இருக்கிறதா?”
- வாசகி, சிவகங்கை மாவட்டம்

கைப்பிடி அகலமாக விரிந்தால் விரல் நுனிதான் பிடிக்கும். அப்போது கையின் பலம் பாதிகூட வெளிவராது. இதற்கு ராட்செட் வைத்த கட்டர் உதவும். அதில் நகரும் அலகின் முதுகில் பற்கள் இருக்கும். கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் அலகு ஒரு பல் முன்னேறி அங்கேயே நிற்கும். கையைத் தளர்த்தினாலும் திரும்பாது. மறுபடி அழுத்தினால் அடுத்த பல். டிராக்டரை ஜாக்கி தூக்குவதும் இப்படித்தான்: கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் குறைந்த பலத்தில். பாதியில் நிறுத்த வேண்டுமானால், விடுவிக்கும் சின்ன நெம்பை இழுத்தால் அலகு திறந்துவிடும். 2.5, 4 ஸ்கொயர் கேபிளுக்கு ராட்செட் தேவையில்லை. கைக்கு அடங்கும் சிறிய கட்டரில் ஒவ்வொரு கோராகப் பிரித்து வெட்டினாலே போதும்.

“கைப்பிடியில் ரப்பர் உறை இருக்கிறது. ஸ்விட்சை அணைக்காமல் வெட்டலாமா?”
- வாசகர், மன்னார்குடி

கூடவே கூடாது. கைப்பிடி உறை பல கருவிகளில் வழுக்காமல் இருப்பதற்காகப் போட்டது; மின்சாரத்தைத் தடுக்க அல்ல. மின்காப்புச் சோதனை செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1,000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தக் கருவியேகூட எல்லா ஆபத்தையும் தடுக்காது. அலகு இரும்பு. மூன்று கோரையும் ஒன்றாக வெட்டும் அந்த நொடியில் மூன்று முனை மின்சாரமும் அலகு வழியாக ஒன்றோடொன்று சேரும். ஷாக் அடிக்காவிட்டாலும், வெடித்துச் சிதறும் தீப்பொறியும் உருகிய செம்பும் கையையும் கண்ணையும் பாதிக்கும்.

ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்துவது போதாது. உள்ளே வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் என்றால், கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி, வெட்டுபவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரம்தானே என்று நினைத்து இதைத் தவிர்க்கக் கூடாது. ஒரு முனையில் மின்சாரம் இருக்கலாம். கண்டன்சர் இணைத்திருந்தால், மெயினை இறக்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை எலெக்ட்ரீஷியனை வைத்து இறக்கிவிட்ட பிறகே ஒயரைத் தொட வேண்டும். கடைசியாக, மூன்று கோரிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கும் வேறொரு பிளக்கில் முன்பும் பின்பும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காற்றில் வயலில் அறுந்து கிடக்கும் மின்வாரியக் கம்பிக்கு இது எதுவும் பொருந்தாது. எந்தக் கட்டரோடும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. ஆடு மாடுகளையும் விடக் கூடாது. மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, வாரிய ஊழியர் வரும்வரை தள்ளி நின்று மற்றவர்களைத் தடுத்தால் போதும்.